ஏரி நீரில் கரைந்த ஆக்சிஜனை அளப்பது எப்படி?

பெங்களூருவில் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்காக, விங்க்ளர் முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்ளர் 1888-இல் வெளியிட்ட முறை இது. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்தவர்களுக்குத் தரம் பார்த்தல் (டைட்ரேஷன்) பழகிய வேலைதான். அளவு பிழைபடுவது பெரும்பாலும் ஏரிக்கரையில் என்பதால் அந்தப் பகுதியையே விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: இடமும் நேரமும். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்த அல்சூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். பாசி மிகுந்த ஏரியில் ஒளிச்சேர்க்கையால் பிற்பகலில் ஆக்சிஜன் ஏறும். இரவு முழுவதும் பாசியும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் விடியலில் அது மிகவும் இறங்கியிருக்கும். மீன்களின் நிலையை அறிய விரும்பினால், வகுப்பு முடிந்து மாலையில் போவது பயன் தராது. அனுமதி பெற்று அதிகாலையிலேயே போக வேண்டும். நேரத்தையும் நீரின் வெப்பநிலையையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: நீரைப் பிடித்தல். 300 மி.லி. பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கச் செலவிடும் ஆக்சிஜனின் அளவு) பாட்டிலைச் சாய்த்து நீருக்குள் அமிழ்த்தி, சலசலப்பின்றி நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட உள்ளே தங்காதபடி நீருக்குள்ளேயே மூடியிடுங்கள். வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால், வெளிக்காற்றின் ஆக்சிஜன் அந்த நீரில் கலந்துவிடும்.

படி 3: கரையிலேயே நிலைப்படுத்துதல். முதலில் 2 மி.லி. மாங்கனீசு சல்ஃபேட், அடுத்து 2 மி.லி. கார அயோடைடு-அசைடு கரைசல் என்ற வரிசையில், பிப்பெட்டின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி விடுங்கள். அசைடு நச்சுப்பொருள், கையுறை கட்டாயம், வாயால் உறிஞ்சவே கூடாது. கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் நைட்ரைட்டு கணக்கைக் குழப்பும் என்பதால்தான் அசைடு சேர்க்கப்படுகிறது. மூடிப் பலமுறை தலைகீழாகப் புரட்டினால், ஆக்சிஜன் இருக்கும் நீரில் பழுப்பு வீழ்படிவு தோன்றும். வெள்ளையாகவே இருந்தால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். தரம் பார்க்காமலே கிடைக்கும் இந்த விடையை நான் மிகவும் மதிக்கிறேன். வீழ்படிவு பாதியளவு படிந்ததும் மீண்டும் ஒருமுறை புரட்டிவிட்டு, பாட்டிலை வெளிச்சம் படாத பெட்டியில் வையுங்கள். பெங்களூரு நெரிசலில் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தை நினைத்தால், இந்தப் படியைக் கரையிலேயே முடிப்பது எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

படி 4: தரம் பார்த்தல். ஆய்வுக்கூடத்தில் 2 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்து, வீழ்படிவு முழுதும் கரையும் வரை புரட்டுங்கள். அதிலிருந்து 203 மி.லி. எடுங்கள், வினைப்பொருள்களுக்காக வெளியேறிய நீரை ஈடுசெய்தால் அது 200 மி.லி. ஏரி நீருக்குச் சமம். 0.025 நார்மல் சோடியம் தையோசல்ஃபேட்டை வெளிர்மஞ்சள் வரும்வரை விட்டு, பிறகு ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும் கணத்தில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜனைக் குறிக்கும்.

படி 5: எண்ணைப் படித்தல். பாடநூல் அட்டவணையில் 25 பாகை செல்சியசுக்குக் காணும் லிட்டருக்கு 8.26 மி.கி. என்ற தெவிட்டு அளவு, அதாவது காற்றிலிருந்து நீரில் கரையக்கூடிய உச்ச அளவு, கடல்மட்டத்துக்கு உரியது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் அது ஏறத்தாழ 7.4 ஆகக் குறையும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் மீன்வளத்துக்கு உரிய நீரில் குறைந்தது 4 மி.கி.யும், குளிக்க உரிய நீரில் 5 மி.கி.யும் இருக்க வேண்டும்.

அதே நீரில் பி.ஓ.டி.யும் பார்ப்பதாக இருந்தால், இந்தியாவில் வழக்கமான 27 பாகை, 3 நாள் முறையைப் பின்பற்றலாம். ஆனால் மாசுபட்ட நீரை நீர்க்கச் செய்யாமல் வைத்தால் மூன்றாம் நாளுக்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துபோய்க் கணக்கிட எதுவும் மிஞ்சாது.