எல்லை மலைகளில் பைக் பயணம்: நல்ல வரைபடங்களைத் தேடுவதும் படிப்பதும்

போடியிலிருந்து மூணாறுக்கோ, கம்பத்திலிருந்து வாகமனுக்கோ, செங்கோட்டையிலிருந்து தென்மலைக்கோ செல்ல நினைப்பவர் கைப்பேசியில் ஊர்ப்பெயரைத் தட்டினால் நொடியில் ஒரு வழி வந்துவிடும். அது குறைந்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி. எந்தச் சாலையின் ஓரத்தில் பள்ளத்தாக்கு விரிகிறது, எந்தச் சாலை மரக்கூட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதை அந்தச் செயலி கணக்கில் எடுப்பதில்லை. கேரள எல்லையை ஒட்டிய மலைகளில் கண்ணுக்கு நிறைவான வழியை அமைக்க வேண்டுமானால், மூன்று நான்கு வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்து, கடைசியில் அந்தச் சாலையில் அன்றாடம் போய்வருபவர்களிடமும் கேட்டுத் தெளிய வேண்டும்.

முதலில் எடுக்க வேண்டியது இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் வரைபடத் தாள். 1767-இல் தொடங்கப்பட்ட இத்துறை, பொதுமக்களுக்கான 1:50,000 அளவு வரைபடங்களைத் தன் இணையதளத்தில் பதிவு செய்துகொள்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. இந்த அளவில் வரைபடத்தின் 2 சென்டிமீட்டர் தரையில் 1 கிலோமீட்டர். பழைய எண்முறையில் மூணாறு, போடி, கொடைக்கானல் ஊர்கள் 58 எஃப் என்ற தொகுதிக்குள்ளும், வால்பாறை 58 பி தொகுதிக்குள்ளும், கம்பம், குமுளிப் பக்கம் 58 ஜி தொகுதிக்குள்ளும் வரும். பழைய தாள்களைத் தேடுபவருக்கு இந்த எண்கள் உதவும். சாலைகளில் ஏற்பட்ட அண்மைக்கால மாற்றங்கள் இத்தாள்களில் இல்லாமல் போகலாம் என்றாலும், மலையின் உருவத்தை இவற்றைப்போல் தெளிவாகக் காட்டும் வரைபடம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

மலையின் உருவத்தைச் சொல்பவை, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும் தாளில், சாலை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் இரண்டு கோடுகளைத் தாண்டினால், அரைக் கிலோமீட்டருக்கு 40 மீட்டர் ஏறுகிறோம் என்று பொருள். பின்னால் ஆள் அமர்ந்து பையும் கட்டியிருந்தால் கியரைக் குறைத்தே ஏற வேண்டிய ஏற்றம் அது. கோடுகளை வெட்டாமல் அவற்றுக்கு இணையாகவே ஒரு சாலை நெடுந்தூரம் ஓடி, அதன் ஒரு பக்கத்தில் கோடுகள் நெருக்கியடித்துக் கீழிறங்கினால், அந்தப் பக்கம் பெரும்பாலும் திறந்த சரிவாக இருக்கும். வண்டியை நிறுத்திப் பார்க்கத் தகுந்த இடங்களை நான் இப்படித்தான் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்கிறேன். சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலை கிழக்கு நோக்கிய சரிவில் அமைந்திருப்பதால், காலையில் மலை முழுவதும் வெளிச்சம் விழும்; பிற்பகலில் மலையின் நிழலே சாலையை மூடிவிடும்.

இத்தாள்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது செயற்கைக்கோள் படம். இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளமும் கூகுள் எர்த்தும் இதற்குப் போதும். இதில் கண் பழக வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தேயிலைத் தோட்டம் மேலிருந்து பார்க்கும்போது வகிடெடுத்த தலையைப்போல் வழவழப்பான பச்சையாகத் தெரியும். அதனூடே போகும் சாலையில் எந்த வளைவிலும் பார்வை தடையின்றி ஓடும். ஏலத்தோட்டமோ உயர்ந்த நிழல்மரங்களுக்கு அடியில் வளர்வதால், படத்தில் காடுபோலவே திட்டுத்திட்டாகத் தெரியும். பூப்பாறையிலிருந்து நெடுங்கண்டம் வழியாகக் குமுளி செல்லும் ஏலமலைச் சாலை குளிர்ச்சியும் நிழலும் நிறைந்தது. ஆனால் மூணாறைப்போல் திறந்த மலைக்காட்சியை எதிர்பார்த்து அங்கே போகிறவர் நெடுந்தூரம் மரங்களையே பார்த்துக்கொண்டு போக நேரிடும்.

வழியை வகுப்பதற்கு, எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்கும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகள் ஏற்றவை. மாவட்டத்தையோ மாநிலத்தையோ முழுவதுமாக முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் அறுந்துபோகும் சின்னாறு போன்ற இடங்களிலும் இவை வழி காட்டும். கூகுள் மேப்ஸில் 2017 இறுதியில் இந்தியாவில் வந்த டூவீலர் முறை நகரத்துக்குள் நல்ல துணை. மலையில் கார் நுழையாத குறுக்குச் சந்துகளையும் அது வழியென்று காட்டக்கூடும் என்பதால் எச்சரிக்கை வேண்டும். எந்தச் செயலியானாலும் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கொடுத்தால் அது விரைவான வழிக்கே திரும்பிவிடும். நாம் விரும்பும் சாலையின் மேலேயே நான்கைந்து இடைப்புள்ளிகளை வைத்து அதைக் கட்டிப்போட வேண்டும். புள்ளியை ஊரின் பெயர்மேலோ வியூபாயிண்ட் மேலோ வைத்தால், செயலி நம்மைக் கடைத்தெருவுக்குள் இழுத்துச் சென்று மீண்டும் வெளியே அனுப்பும். ஆகவே படத்தைப் பெரிதாக்கித் தார்ச்சாலையின் நடுவிலேயே வைப்பது நல்லது. முடித்ததும் வழியை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமித்தால், வேறொருவர் கைப்பேசியிலும் வழி மாறாமல் அப்படியே திறக்கும்.

வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காகச் சாலை இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. மூணாறை அடுத்த டாப் ஸ்டேஷனிலிருந்து பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்ற பழைய மலைச்சாலை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டு, காட்டுக்குள் மறைந்துவரும் அந்தச் சாலை இன்றும் சில வரைபடங்களில் தொடர்ச்சியான கோடாக இருக்கிறது. அதை நம்பி வட்டவடையிலிருந்து கொடைக்கானலுக்குச் சுருக்கமாகப் போய்விடலாம் என்று திட்டமிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோட்ட நிறுவனங்களின் எஸ்டேட் ரோடுகளும் படத்தில் பொதுச்சாலைபோலவே தெரியும். நேரில் போனால் கேட் பூட்டியிருக்கும். இங்கே எனக்குத் தெரிந்த மிக நம்பகமான சோதனை அரசுப் பேருந்துதான். பேருந்து கடைசிவரை ஓடும் சாலை பெரும்பாலும் வண்டிக்குத் தடையில்லாத பொதுச்சாலையாக இருக்கும். டீக்கடையில், “ரோடு நல்லா இருக்குமாண்ணே?” என்று கேட்டால் மரியாதைக்காகவே “இருக்கும்” என்பார்கள். “இந்தப் பக்கம் கடைசி ஊர் வரைக்கும் பஸ் போகுதாண்ணே? எத்தனை மணிக்கு?” என்று கேட்டால், உண்மையான நிலவரம் தானாக வந்துவிடும். தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழிலேயே கேட்கலாம்.

வனத்துறைச் சோதனைச் சாவடிகளை நம் வரைபடத்தில் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கும், அங்கிருந்து மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடிக்கும் இறங்கும் வழி இந்த எல்லையின் மிக அடர்ந்த காட்டுவழிகளுள் ஒன்று. அதில் பகல் நேரத்தில்தான் விடுவார்கள். வண்டி எண்ணைப் பதிவு செய்வார்கள். காட்டுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. நேரங்கள் பருவத்துக்கேற்ப மாறும் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய நாள் வால்பாறையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. பயணத்தில் ஊட்டியையோ கொடைக்கானலையோ சேர்ப்பவர், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் தொடங்கிய இ-பாஸ் நடைமுறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழை எல்லா வரைபடத்தையும் பழையதாக்கிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவரைப் பாலம் உடைந்து மூணாறு – மறையூர் சாலை துண்டிக்கப்பட்டது. தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் நிலச்சரிவு பலமுறை போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செல்பவர் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையையும் இடுக்கி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பையும் அன்று காலையிலேயே பார்த்துவிட வேண்டும். மூணாறு நனைந்துகொண்டிருக்கும் அதே நாளில், மழைமறைவில், அதாவது மலை மழையைத் தடுத்துவிடும் பக்கத்தில் இருக்கும் மறையூரும் சின்னாறும் காய்ந்து கிடக்கலாம். ஆகவே உடுமலை வழியாக ஏறும் மாற்றுவழி ஒன்றையும் தனிக் கோப்பாக வைத்திருப்பது பயன்படும்.

கைப்பேசியை ஹேண்டில்பாரில் பொருத்துபவர் அதிர்வைத் தாங்கும் மவுண்ட் வாங்க வேண்டும். சக்திமிக்க பைக் இன்ஜினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. முக்கியச் சந்திப்புகளையும், அவற்றுக்கு இடைப்பட்ட தூரத்தையும், பங்க் இருக்கும் ஊர்களையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு டேங்க் பையின்மேல் வைத்துக்கொண்டால் போதும். திரும்பிவந்தபின், பூட்டியிருந்த கேட்டையும் உடைந்திருந்த சாலையையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவு செய்யுங்கள். எவரும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம், திருத்திய நாளும் அதில் பதிவாகும்.