ஆர்எக்ஸ்-7 வாங்கப் போகிறவருக்கு

மாஸ்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான இந்த வண்டியைப் பார்க்கப் போகுமுன், அதன் நிலையைப் பரிசோதித்துக் குறித்த ஏலத் தாளைக் கேளுங்கள். ஜப்பானில் ஏலத்தில் விற்ற காருக்கு அது இருக்கும். மதிப்பெண் கட்டத்தில் 'ஆர்' என்றிருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. தாளில் உள்ள கார் படத்தில் 'எக்ஸ்எக்ஸ்' என்றால் அந்தத் தகட்டையே மாற்றியிருக்கிறார்கள். விற்பவர் நீட்டும் நகலை நம்பாமல் சேசிஸ் எண்ணை வைத்து நீங்களே சரிபாருங்கள். நான் பார்த்த முதல் வண்டியின் மீட்டர், தாளில் இருந்ததைவிட 60,000 கிலோமீட்டர் குறைவாகக் காட்டியது. கேட்டபோது விற்பவருக்கு அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

உண்மையான சூதாட்டம் எஞ்சினில்தான். 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறையில் இருப்பது 1.3 லிட்டர் ரோட்டரி. பிஸ்டன் கிடையாது, இரண்டு முக்கோண ரோட்டர்கள். ரோட்டர் முனைகளில் கசிவைத் தடுக்கும் சீல்கள் தேய்ந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் விழும். ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கும் கருவி வைத்திருப்பவரை அழைத்துச் செல்லுங்கள். சாதாரண அழுத்தமானி போதாது. பிறகு நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து இயக்குங்கள். திணறினால், எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நீங்கள் போகுமுன்பே எஞ்சின் சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க முடியாது; இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

ஆயில் குறைகிறதே என்று பதற வேண்டாம். கொஞ்சம் ஆயிலை எரிப்பது இதன் வடிவமைப்பிலேயே உள்ளது. அடிப்பாகத்துத் துருவையும் பாருங்கள். பழைய உடையில் போங்கள்.