தள்ளுபடிக்கு முன்னால் வீட்டை ஒதுங்க வையுங்கள்

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தள்ளுபடி இரண்டு தடவை வரும். பொள்ளாச்சிக் கடைகளில் ஆடிக்கு, அது ஓய்வதற்குள் பாலக்காட்டில் ஓணத்துக்கு. மலிவாயிற்றே என்று பூச்சாடியும் திரைச்சீலையும் வாங்கி வந்து, வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ‘ஃபைவ் எஸ்’ என்ற ஜப்பானிய முறையைக் கற்றுக்கொண்டேன். வேண்டாததைப் பிரித்தல், இடம் குறித்து அடுக்குதல், துடைத்தல், அதையே முறையாக்குதல், விடாமல் தொடர்தல் என ஐந்து படிகள். வீட்டு அலங்காரத்துக்கு முதல் மூன்றே பெரிய உதவி.

1. பிரியுங்கள்

ஒரே ஓர் அறையை எடுத்துக்கொண்டு, அங்குள்ள அலங்காரப் பொருட்களைத் தரையில் பரப்புங்கள். வைத்துக்கொள்வது, கொடுத்துவிடுவது, யோசிப்பது என்று மூன்று குவியல். யோசிக்கும் குவியலை அட்டைப்பெட்டியில் போட்டு, தேதி எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் அதைத் தேடவில்லையென்றால் கொடுத்துவிடலாம். அம்மா கொடுத்த குத்துவிளக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. அளந்து இடம் குறியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வாங்க நினைக்கும் அலமாரியின் அளவுக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். நடைக்கு இரண்டரை அடியாவது மிஞ்ச வேண்டும். பீரோக் கதவும் ஜன்னலும் முழுதாகத் திறக்க வேண்டும். அளக்காமல் நான் வாங்கிய மூலை ஸ்டாண்டு பீரோக் கதவைப் பாதியில் தடுத்தது. இரண்டு வருடம் கையை வளைத்துத்தான் புடவை எடுத்தேன்.

சாவிக்கொக்கி வாசலருகில் இருக்கட்டும். சுவர்ப்படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

3. துடைப்பதை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும் புழுதி நமக்குத் தெரியும். திறந்த தட்டில் பத்துச் சின்னப் பொம்மைகள் வேண்டாம். பெரிதாக ஒன்று போதும். நிறைய வைக்க ஆசையென்றால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிதான் சரி.

4. அப்புறம் கடைக்கு

அளவுகளையும் அந்த மூலையின் படத்தையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கூடை, டப்பா எல்லாம் கடைசியில்தான். உள்ளே போகும் பொருள் எவ்வளவு என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் குறித்த இடத்தில் வைத்துப் பார்த்த பிறகே விலைச்சீட்டைக் கிழிக்க வேண்டும்.