பழைய சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள். வேறு சில தவறுகளும்

சென்ற மாதம் தக்கலைப் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கொத்துக்கரண்டி பிடிக்கத் தொடங்கிய ஓர் இளைஞர், மேற்குச் சுவரில் இடுப்புயரத்துக்கு சிமெண்ட் பூசி முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். பூச்சு நேராக, அழகாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நான் செய்ததும் இதேதான்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு சுவிட்சைக் கழற்றுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரிந்தே செய்யும் தவறுகள். சரியென்று நம்பிச் செய்பவற்றைச் சொல்கிறேன்.

சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்ட்

நம் குமரி மாவட்டத்தின் பழைய வீடுகள் பலவற்றில் மண் அல்லது கல் சுவரின் மேல் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். தரையின் ஈரம் சுவரில் ஏறும். காரையின் நுண்துளைகள் வழியே வெளியேறி உலரும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் ஊர் இது. சுவர் நன்றாகக் காய நமக்குக் கிடைப்பது ஆண்டின் தொடக்கத்தில் சில மாதங்கள்தான். சிமெண்ட் பூச்சு அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிய ஈரம், பூச்சு முடியும் இடத்துக்கு மேலே ஏறிக் கசிகிறது.

நான் தரையிலிருந்து மூன்றடி பூசினேன். முதல் ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு ஆவணியில் மூன்றரை அடி உயரத்தில் சுவர் நீளத்துக்கும் ஈரம் கறுத்து ஓடியது. விரல் பட்டால் பழைய காரை மாவாக உதிர்ந்தது. மாவுக்குள் உப்பு வெள்ளை ஊசிகளாகப் பூத்திருந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஓரடி உயர்த்திப் பூசினேன். அடுத்த மழையில் ஈரம் ஜன்னலைத் தொட்டது. தாத்தா காலத்து அயினி மரச் சட்டம் அது. கீழ்க்கட்டையில் உளியை வைத்து அழுத்தினேன். பழுத்த பலாச்சக்கையில் இறங்குவதுபோல இறங்கியது. அந்த மரத்தை இன்று எந்தப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

பிறகுதான் வெளியே போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டிச் செம்பருத்திக்கு நானே பாத்தி கட்டியிருந்தேன். மண், வீட்டின் உள்தரையைவிட அரையடி உயர்ந்திருந்தது. இறவாரத்து நீர் அதன்மேல் விழுந்து சுவரெல்லாம் தெறித்திருந்தது.

ஆகவே முதலில் மண்வெட்டியை எடுங்கள். சுவரோரத்து மண் உள்தரைக்கு அரையடி கீழே போகும்வரை வெட்டி அகற்றுங்கள். பாத்தியை இரண்டடி தள்ளி வையுங்கள். இறவாரத்து நீரைப் பிடித்து அப்பால் விடுங்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் மூன்று பங்கு. இரண்டு மெல்லிய பூச்சுகள். ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டருக்குள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும், வாரக்கணக்கில் ஆகும். அதுவரை வெயில் நேராகப் படாதபடி ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். மேலே வெள்ளையடித்தால் போதும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் மறுபடியும் அடைத்ததாகிவிடும்.

சுண்ணாம்பு நீற்றும்போது

தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள்; கல்லின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கடற்கரை மணல்

காரைக்கு வேண்டாம். அலசினாலும் வேண்டாம்.

திருகாணி

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று 304 ரகத் துருப்பிடிக்காத எஃகிலும் பழுப்புப் புள்ளி போடும். வெளிவேலைக்கு 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

தென்னைக்கு உரம்

மரத்தின் அடிமூட்டில் கொட்டாதீர்கள். 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்துப் பரப்புங்கள்.

போர்டோ கலவை

பூஞ்சை நோய்க்குக் கமுகுக்கும் நல்லமிளகுக் கொடிக்கும் அடிக்கும் ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரும்பு வாளியைத் தொடவே கூடாது, துத்தம் அரித்துவிடும். இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு தீட்டிய கத்தி ஒன்றைச் சற்று நேரம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை. இன்னும் சேர்க்க வேண்டும். பார்க்காமல் அடித்தால் இலை கருகும்.

தக்கலை இளைஞரிடம் அந்தச் சுவரைப் பற்றிச் சொன்னேன். முதலில் முகம் வாடியது. பூச்சு இன்னும் இறுகவில்லை என்பதால் இருவருமாக இருட்டும்முன் அதைச் சுரண்டி எடுத்துவிட்டோம். வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால், சுவரோடு சேர்த்து அணைத்த மண்ணில் புதிதாக நட்ட இரண்டு வாழைக்கன்றுகள் நின்றன. அவற்றையும் பெயர்த்து வேலியோரம் வைத்தோம்.