பூசாத செங்கல் முகப்பா? மூன்று அடுக்கிலிருந்து கல்லை எடுங்கள்

வீட்டு முகப்பைப் பூசாமல் செங்கல்லாகவே விடப்போகிறீர்கள் என்றால், முகப்புக்கு வேண்டிய கல் முழுவதையும் ஒரே சமயத்தில் இறக்கி, குறைந்தது மூன்று அடுக்குகளாக வையுங்கள். சித்தாள் ஒவ்வொரு முறையும் மூன்றிலிருந்தும் கலந்து எடுத்துக் கொடுக்கட்டும். அடுக்கின் மேல்வரிசையை மட்டும் வழித்தெடுக்காமல், மேலிருந்து கீழாக எடுப்பது நல்லது.

சூளையில் எல்லாக் கல்லும் ஒரே சூட்டில் வேகாது. தீ நன்றாகப் பட்டது கருஞ்சிவப்பாகும். ஓரத்தில் இருந்தது வெளிறிய ஆரஞ்சாக நிற்கும். லோடு லோடாகக் கட்டினால் சுவரில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும். அதை மறைக்கப் பிறகு பெயிண்ட் அடிப்பது வீண்செலவு, செங்கல்லின் அழகும் போய்விடும். கலந்து கட்டினால் அதே நிறபேதம் கோலப்பொடி தூவியதுபோல் சுவரெங்கும் பரவி, கண்ணுக்கு இதமாக இருக்கும்.

பூசப்போகும் சுவருக்கு இந்த வேலை தேவையில்லை. லோடுக்கு லோடு கல்லின் அளவே மாறினால் கலக்கவும் கூடாது. கலந்தால் கல் வரி நேராக நிற்காது, கல்லுக்கு இடையிலுள்ள கலவைச் சந்தும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். முதலில் சில கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பார்த்துவிடுங்கள்.