ஒரே வழக்கு, இரண்டு நீதிமன்றம்: குழம்பாமல் படிக்க ஒரு வழி

சட்டம் படிக்கும் என் அண்ணன் மகன், சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் ஒரு கோப்பிக்கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "அத்தை, ஐரோப்பாவுக்கு எத்தனை நீதிமன்றம்தான்?" அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

தீர்ப்பைத் திறந்ததும் முதலில் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பூர்க் என்றால் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 1950ஆம் ஆண்டின் மனித உரிமை உடன்படிக்கை, 46 நாடுகள். லக்சம்பர்க் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். 27 நாடுகள், 2009 டிசம்பரிலிருந்து கட்டுப்படுத்தும் அடிப்படை உரிமைச் சாசனம். அந்த 27 நாடுகளும் 46க்குள்ளேயே இருப்பதால்தான் இத்தனை குழப்பம்.

அடுத்து ஒரு தாள் எடுத்து, பாஸ்பரஸ் (Bosphorus) வழக்கை வரைந்து பாருங்கள். அண்ணன் சாங்கி விமான நிலையத்தில் விமானம் பழுதுபார்ப்பவர் என்பதால் பையனுக்குச் சட்டென்று பிடிபட்டது. யூகோஸ்லாவிய விமான நிறுவனத்திடம் பாஸ்பரஸ் என்ற துருக்கி நிறுவனம் போயிங் 737ஐக் குத்தகைக்கு எடுத்தது. 1993இல் பராமரிப்புக்காக டப்ளினில் இறங்கிய அந்த விமானத்தை அயர்லாந்து பிடித்துவைத்தது. தாளின் மேல் வரியில் யூகோஸ்லாவியா மீதான ஐ.நா. தடை, அதற்குக் கீழே அதை நடைமுறைப்படுத்திய ஐரோப்பிய ஒழுங்குவிதி, அடியில் அயர்லாந்து. 1996இல் லக்சம்பர்க் 'பிடித்தது சரி' என்றது. 2005இல் ஸ்ட்ராஸ்பூர்க்கும் சொத்துரிமை மீறப்படவில்லை என்றது. நல்லெண்ணத்தோடு குத்தகைக்கு எடுத்தவருக்குத்தான் நட்டம். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் சொன்ன காரணத்தை அடிக்கோடிடுங்கள். ஒன்றியம் தரும் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு நிகரானது. ஆகவே வேறு வழியின்றி ஒன்றியச் சட்டத்தை நிறைவேற்றிய நாடு உரிமையை மீறவில்லை என்றே அனுமானிக்கப்படும். குறிப்பிட்ட ஒரு வழக்கில் பாதுகாப்பு வெளிப்படையாகவே குறைபட்டிருந்தால் அனுமானம் விழுந்துவிடும்.

ஆகவே எந்த வழக்கிலும் கேட்க வேண்டியது: நாட்டுக்கு வேறு வழி இருந்ததா? 2011 ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பெல்ஜியம் மாட்டியது இங்கேதான். கிரேக்கம் வழியாக வந்த ஆப்கானிய அகதியை அங்கேயே திருப்பி அனுப்பியது. அனுப்பாமல் தானே விசாரிக்க ஒன்றியத்தின் விதி இடம் கொடுத்தும் அப்படிச் செய்யவில்லை. அதனால் அனுமானம் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பர்க்கும், தஞ்சம் தரும் முறையே சீர்குலைந்த நாட்டுக்கு ஆளை அனுப்பக் கூடாது என்றது.

ஒன்றியத்தையே ஸ்ட்ராஸ்பூர்க்கில் நிறுத்த முடியுமா என்றால், முடியாது. அது இன்னும் உடன்படிக்கையில் சேரவில்லை. சேர்வதற்கான வரைவை 2014இல் லக்சம்பர்க்கே தடுத்துவிட்டது.

தேர்வில் ஆசியானோடு ஒப்பிடச் சொன்னால், 2009இல் அமைந்த மனித உரிமை ஆணையம், 2012இல் வந்த மனித உரிமைப் பிரகடனம் இரண்டையும் எழுதுங்கள். நீதிமன்றத்துக்கென்று கட்டம் போடாதீர்கள்; அங்கே நீதிமன்றம் இல்லை.