சாதகம் எதைத் தரும், கச்சேரி எதைத் தரும்

கர்நாடக சங்கீதம் பாடுபவருக்குச் சாதகம் (அன்றாடப் பயிற்சி) வளர்க்கும் திறன் வேறு, மேடை வளர்க்கும் திறன் வேறு. ஒன்றின் குறையை மற்றதால் ஈடுகட்ட முடியாது.

சுருதி, கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது), காலம் (வேகம்) மூன்றும் வீட்டில்தான் சீராகும். காலையில் முதல் 10 நிமிடம் தம்புராவோடு அகாரம் ('ஆ' என்று பாடுவது): மந்தர பஞ்சமத்திலிருந்து (கீழ் ஸ்தாயி 'ப') ஒவ்வொரு ஸ்வரத்தையும் 8 எண்ணும் வரை அசையாமல் நிறுத்துங்கள். அடுத்து மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு சரளி வரிசை (ஆரம்பப் பாடம்), மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டில், மூன்று காலமும். தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரங்கள். மூன்றாம் காலத்தில் ஆதி தாள ஆவர்த்தனத்துக்கு (8 தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு) 32 ஸ்வரம் வரும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும்வரை 66-க்குப் போகவேண்டாம்.

பாடியதைப் போனில் பதிவுசெய்து கேளுங்கள். தார ஷட்ஜம் (மேல் ஸ்தாயி 'ஸ') பெரும்பாலும் மயிரிழை கீழே நிற்கும். மூச்சு தீர்ந்த பிறகு தொண்டையை இறுக்கி எட்டிப் பிடிப்பதால் வருவது அது. இரண்டு ஸ்வரம் முன்னதாகவே மூச்செடுங்கள். வர்ணம் என்ற உருப்படியின் இரண்டாம் காலத்தில் கமகம் உதிர்ந்தால் முழு வர்ணத்தையும் திரும்பப் பாடிப் பயனில்லை. உதிரும் அந்த ஒரு பிடியை (சிறு ஸ்வரத் தொடரை) மட்டும் பாதி வேகத்தில் பத்து முறை பாடுங்கள்.

தனியாகப் பயில்பவர்களிடம் ஒளிந்திருக்கும் பெரிய குறை தாளம். பாட்டு இழுத்த இடத்துக்குக் கை போய்விடும், பாடுபவருக்கே தெரியாது. சமம் (தாளச் சுற்றின் முதல் தட்டு) தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில் இது உடனே வெளிப்படும். வேறொருவரைத் தாளம் போடச் சொல்லிப் பாடிப் பாருங்கள்.

மேடை தருவது வேறு. படபடப்பில் முதல் உருப்படி எப்போதும் வேகம் கூடி ஓடும். தொடங்குமுன் பல்லவியை (பாட்டின் தொடக்கப் பகுதியை) ஒரு ஆவர்த்தனம் மனத்துக்குள் பாடி, பிறகு தாளத்தை எடுங்கள். சாகித்யம் (பாட்டின் சொற்கள்) மறந்தால் கையை நிறுத்தாமல் பல்லவிக்குத் திரும்புங்கள், மிருதங்கக்காரர் பிடித்துக்கொள்வார். கல்பனா ஸ்வரத்தில் (அந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் ஸ்வரத்தில்) வயலின் பதிலைக் காதுகொடுத்துக் கேட்டு அதிலிருந்து அடுத்ததைத் தொடங்குவதும், கோர்வையை (முடிப்பாகப் பாடும் ஸ்வரக் கோப்பை) எடுப்பில் (பாட்டு வரி தொடங்கும் இடத்தில்) கொண்டுவந்து சேர்ப்பதும் பக்கவாத்தியத்தோடு பாடினால்தான் கைவரும்.

இதற்குச் சபா வாய்ப்பு வேண்டும் என்பதில்லை. நவராத்திரிக் கொலுவோ கோவில் மண்டபமோ, மாதம் ஒருமுறை நிறுத்தாமல் அரைமணி பாடினால் போதும். சாதகம் இல்லாமல் மேடை மட்டும் ஏறினால், அவசரத்தில் சுருக்கிப் பாடிய சங்கதியே (ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் மெட்டே) பாடாந்தரமாக (நிலையான பாடமாக) படிந்துவிடும். அதை அவிழ்ப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். ஆகவே கச்சேரிப் பதிவை மறுநாளே கேட்டு, சுருக்கிய சங்கதிகளைக் குறித்துக்கொண்டு அடுத்த காலைச் சாதகத்தில் முதலில் அவற்றை எடுங்கள்.